கெண்டைக்காலுக்கு ஏழு ஞாயிறு

நான் காலால் பிறந்தவள். தலைக்கு முன்னால் இரண்டு பாதங்கள் வந்ததாம். தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்த்தவள் பயந்துபோனாளாம். லயத்து வரிசை வீடுகளில் இருந்தவர்கள் பயப்படவில்லை. அவர்களுக்கு ஒரு சுளுக்குக்காரி கிடைத்துவிட்டாள். காலால் பிறந்தவர்கள் கால் வைத்துத் தடவினால் சுளுக்கும் பிடிப்பும் இறங்கிவிடும் என்பது எங்கள் பக்கத்தில் யாரும் நிரூபிக்கச் சொல்லாத ஒரு விஷயம். சூரியன் வருகிற திசையை யாராவது நிரூபிக்கச் சொல்வார்களா, அது மாதிரி.

ஐந்து வயதிலேயே என் வாசலில் பெரிய பெரிய ஆண்கள் குப்புறப் படுத்திருக்கிறார்கள். உர மூட்டை தூக்கிய இடுப்புகள், கொழுந்துக் கூடையின் கயிறு இழுத்த கழுத்துகள், மழையில் வழுக்கி விழுந்த முதுகுகள். வலது காலின் பெருவிரலால் மேலிருந்து கீழாக மூன்று தடவை இழுக்க வேண்டும். அவ்வளவுதான். இழுத்து முடித்ததும் குனிந்து அவர்களுடைய முதுகைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வேன். மனிதரைக் காலால் தொட்ட பாவம் அப்படித்தான் கழியும் என்று சொல்லிக்கொடுத்திருந்தார்கள். பதிலுக்கு எதுவும் வாங்கக் கூடாது. டொஃபி வாங்கலாம்.

வளர்ந்து, படித்து, தோட்டத்துப் பள்ளிக்கூடத்திலேயே தமிழ் ஆசிரியையாக வந்து சேர்ந்த பிறகும் கால் ஓய்வு பெறவில்லை. பகலில் சுண்ணாம்புக்கட்டி, சாயங்காலத்தில் பெருவிரல். வந்தவர்களில் பெரும்பாலானவர்களுக்குச் சரியானது. இரண்டு மூன்று நாளில் தானாகவே விட்டுவிடுகிற பிடிப்புகள் அவை என்று இப்போது தெரிகிறது. அப்போது தெரியாது. தெரிந்திருந்தாலும் சொல்லியிருப்பேனா என்பது வேறு கேள்வி.

ஒரே ஒரு ஆளுக்கு மட்டும் நான் கால் வைத்ததில்லை. என் கணவருக்கு. கல்யாணமான புதிதில் ஒரு தடவை அவருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. மூன்று நாள் சுவரைப் பிடித்துக்கொண்டே நடந்தாரே தவிர, படுக்கவில்லை. "பொண்டாட்டி காலால மிதி வாங்குனேன்னு மேக்கணக்கு டிவிசன் வரைக்கும் பேசுவானுங்க" என்றார். எனக்கும் மனம் இல்லை.

அவர் கவ்வாத்து வெட்டுகிறவர். தேயிலைச் செடிகளை இடுப்பளவுக்கு வெட்டி மொட்டையாக்குகிற வேலை. சரிவில் ஒரு கால் மேலே, ஒரு கால் கீழே, கையில் கத்தி. இருபத்தைந்து வருடமாக அப்படி நின்றதில் கெண்டைக்கால்கள் தேயிலை மரத்தின் அடித்தூர் மாதிரி ஆகிவிட்டன. அந்தக் கால்களைக் கொண்டுதான் அவர் ஞாயிற்றுக்கிழமைகளில் கரப்பந்து, அதுதான் வொலிபோல், ஆடினார். இளவட்டங்கள் எல்லாம் கொழும்புக் கடைகளுக்குப் போய்விட்டதால், எங்கள் டிவிசன் அணியில் நாற்பது தாண்டியவர்களே ஆறு பேர். அவருக்கு நாற்பத்தாறு.

கோயில் திருவிழாவையொட்டி ஐந்தாறு தோட்டங்கள் சேர்ந்து நடத்துகிற போட்டி அது. ஞாயிற்றுக்கு ஓர் ஆட்டம். எங்கள் டிவிசன் ஒருதரம்கூட இறுதி ஆட்டத்தைப் பார்த்ததில்லை.

"இந்த வருஷத்தோட நிப்பாட்டிக்கிறேன்" என்றார். "ஆனா பைனல் ஒண்ணு ஆடிட்டுத்தான் நிப்பாட்டுவேன்."

"பைனலுக்கு அவங்க உங்கள விடணுமே."

"விடமாட்டாங்க. நாங்கதான் புடுங்கிக்கணும்."

முதல் ஞாயிறு. தொழிற்சாலைக்குப் பின்னால் இருக்கிற மைதானம். வலையின் ஒரு பக்கம் இரும்புக் குழாய், மறுபக்கம் ஒரு டர்பன்டைன் மரம். பந்து வெளியே போனால் தேயிலைக்குள் உருண்டு, கீழே ஓடை வரைக்கும் போகும். யாராவது போய் எடுத்துவர வேண்டும். வட்டகொடைப் பக்கமிருந்து வர வேண்டிய எதிரணியின் லொறி வரவில்லை. எங்கள் ஆட்கள் மதகுக் கட்டில் வரிசையாக உட்கார்ந்தார்கள். ஸ்வெட்டர், குரங்குத் தொப்பி, கையில் பிளேன்டீ. பனி தொழிற்சாலைக் கூரையிலிருந்து இறங்கி வந்து அவர்களோடு உட்கார்ந்துகொண்டது. ஒன்றரை மணி நேரம். லொறி வந்தது, விசில் ஊதினார்கள், ஸ்வெட்டரைக் கழற்றி மதகில் வீசிவிட்டு நேரே உள்ளே போனார்கள். மூன்றாவது பந்துக்கு என் கணவர் எழும்பினார்.

நான் சத்தத்தைக் கேட்டேன் என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. ஈரச் சுள்ளி முறிகிற மாதிரி ஒரு சத்தம். அவர் தரைக்கு வந்ததும் முதலில் செய்தது, பின்னால் திரும்பித் திட்டியதுதான்.

"எவன்டா கல்லெறிஞ்சது?"

பின்னால் நின்றது அணித்தலைவன், ஆட்டோ ஓட்டுகிறவன், இவருக்குத் தம்பி முறை. "அண்ணே, கையில பந்துதான் இருக்கு. கல்லுக்கு நான் எங்க போவேன்?"

"கெண்டக்கால்ல சுள்ளுன்னு விழுந்துச்சேடா!"

எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்துக்கொண்டே காலை ஊன்றினார். ஊன்ற முடியவில்லை. சிரிப்பு முகத்திலேயே நின்றுவிட, அப்படியே உட்கார்ந்தார்.

ஆட்டோவில் ஏற்றி வீட்டு வாசலில் இறக்கினார்கள். மற்ற ஐந்து பேரும் கூடவே வந்துவிட்டார்கள். ஆட்டம் அங்கே ஐந்து பேரோடு நடக்காது என்பதால் எதிரணியும் மைதானத்தில் காத்திருந்தது. அணித்தலைவன் என்னைப் பார்த்தான்.

"டீச்சரக்கா, ஊருக்கெல்லாம் வைக்கிற காலு. அண்ணனுக்கு ஒரு தரம் வைங்க. எறங்கிருச்சின்னா இப்பவே கூட்டிக்கிட்டுப் போயிருவோம்."

"சும்மா இருடா" என்றார் கணவர்.

"வெக்கப்படாதீங்கண்ணே. நாங்க எல்லாம் அந்தப் பக்கம் திரும்பிக்கிறோம்."

திரும்பியும் கொண்டார்கள். ஜெர்சி போட்ட ஆண்கள் வரிசையாகத் தேயிலை மலையைப் பார்த்து நின்ற அந்தக் காட்சி எனக்கு இன்னும் கலையவில்லை. இவர் குப்புறப் படுத்தார். இருபது வருடமாகப் படுக்காதவர் படுத்துவிட்டார் என்றால் வலி எவ்வளவு இருந்திருக்கும். பைனல் எவ்வளவு வேண்டியிருந்திருக்கும். நான் அதையெல்லாம் யோசிக்கவில்லை. எண்ணெயைச் சூடாக்கி ஊற்றினேன். பெருவிரலை வைத்தேன். தசைக்குள் உருண்டையாக ஏதோ நகர்ந்தது. அதுதான் சுளுக்கு என்று நினைத்தேன். மூன்று தடவை போதும் என்பது வழக்கம். உருண்டை கரையவில்லையே என்று ஏழெட்டுத் தடவை, உடம்புப் பாரத்தை எல்லாம் இறக்கி இழுத்தேன். அவர் துவாயைக் கடித்துக்கொண்டார்.

"எறங்கிருச்சா?" என்று மலையைப் பார்த்தபடியே கேட்டான் அணித்தலைவன்.

"எறங்கிருச்சு" என்றார் இவர், பொய்யாக.

பிறகு உப்பை வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடமும் கொடுத்தேன். செய்யக்கூடாதது என்று பிற்பாடு தெரிந்துகொண்டவற்றில் ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. அவர்கள் பக்கத்து லயத்திலிருந்து ஓர் ஆளை இழுத்துக்கொண்டு போய் ஆடி, ஜெயித்துவிட்டார்கள்.

மறுநாள் காலையில் இடது காலில் கணுக்காலும் கெண்டைக்காலும் ஒரே பருமனாக இருந்தன. வேலைக்குப் போகிறேன் என்று கத்தியை எடுத்துக்கொண்டு இறங்கியவர் மூன்றாவது படியில் நின்று, படியைப் பார்த்து, ஏதோ மறந்துவிட்டவர் போலத் திரும்பி வந்தார்.

மூன்றாம் நாள் டவுன் ஆஸ்பத்திரி. எக்ஸ்ரேயில் எலும்புக்கு ஒன்றுமில்லை. உடற்பயிற்சிச் சிகிச்சை பார்க்கிற அறைக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு சிங்களப் பெண், என் மாணவிகளைவிட நாலைந்து வயது பெரியவளாக இருப்பாள். பிசியோ மிஸ் என்றுதான் எல்லாரும் கூப்பிட்டார்கள். குப்புறப் படுக்கச் சொன்னாள். மூன்று நாளில் இரண்டாவது தடவையாகப் படுத்தார். கெண்டைக்காலை இரண்டு விரலால் மெல்லப் பிழிந்தாள். கட்டிலுக்கு வெளியே தொங்கிய பாதம் லேசாக அசைந்தது.

"நல்லம்" என்றாள். "குதிகால் நரம்பு அறுந்து இல்ல. சதை கொஞ்சம் கிழிஞ்ச." பிறகு வீக்கத்தைப் பார்த்தாள். "ஆனா இவ்வளவு வீங்க ஏலாதே. யார் உருவின?"

கணவர் தலையைத் தூக்காமலே சொன்னார். "வீட்ல ஒரு டாக்டர் இருக்காங்க மிஸ்."

"நான்தான்" என்றேன். "காலால."

பேனாவைக் கீழே வைத்தாள். "அனே! காலாலயா? அவரோட சண்டையா?"

"இல்ல மிஸ். வைத்தியம்."

"நீங்க என்ன வேல?"

"டீச்சர்."

"என்ன படிப்பிக்கிற?"

"தமிழ்."

"அப்ப அத படிப்பிங்க" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. எனக்குத்தான் காதுமடல் சுட்டது.

பிறகு தன் துண்டுத் தமிழில் பொறுமையாகச் சொன்னாள். சதை என்பது நூல் நூலாக இருப்பது. குளிரில் விறைத்துப்போன நூலைச் சட்டென்று இழுத்தால் சிலது அறும். அறுந்த இடத்தில் ரத்தம் கசியும். முதல் இரண்டு மூன்று நாளுக்கு அதற்கு வேண்டியது ஓய்வு, துணியில் சுற்றிய ஐஸ், இறுக்கமில்லாத ஒரு சுற்றுக் கட்டு, தலையணை மேல் தூக்கி வைத்த கால். சூடு கூடாது, உருவுதல் கூடாது, சாராயமும் கூடாது. நான் நகர்த்திப் பார்த்த அந்த உருண்டை, அறுந்த சதையும் அதைச் சுற்றி உறைந்த ரத்தமும்தான்.

"ஆறு கிழமை, ஏழு கிழமை போகும். கால் சூடா, செவப்பா, வலி கூடினா, மூச்சு கஷ்டம் வந்தா ஒடனே வாங்க."

அவர் விரலை மடக்கி வாரங்களை எண்ணினார். ஏழாவது ஞாயிறு இறுதி ஆட்டம். எண்ணிய விரல்களை என்னிடம் காட்டவில்லை. சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

ஐஸுக்கு எங்கே போவது? எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் பழுதாகி ஒரு வருடம் ஆகியிருந்தது. எலிக்குப் பயந்து அதற்குள் அரிசி வைத்திருந்தோம். யோசித்துப் பார்த்ததில், தினமும் லயத்துக்கே ஐஸ் வந்துகொண்டிருப்பது நினைவுக்கு வந்தது. மோட்டார் சைக்கிளில் பெட்டி கட்டி வருகிற மீன்காரர்.

"டீச்சர், சாளையா, கெளவல்லாவா?"

"மீன் வேணாம். ஐஸ் குடுங்க."

"ஐஸ வச்சு என்ன கொழம்பு?"

"கால் கொழம்பு" என்றார் உள்ளேயிருந்து கணவர்.

வீக்கம் வற்றும்வரை தினமும் ஒரு பொலித்தீன் பை நிறைய ஐஸ். துணியில் சுற்றிப் பதினைந்து நிமிடம் வைத்து எடுப்போம், இரண்டு மூன்று மணி நேரம் கழித்து மறுபடியும். லயத்துப் பூனைகள் எல்லாம் அவர் காலைச் சுற்றி வட்டமாக உட்காரத் தொடங்கின. அவர் தலையணை மேல் காலை வைத்துக்கொண்டு பூனைகளிடம் பேசினார். ஐந்தாம் நாள் நீலமும் மஞ்சளுமாக ஒரு நிறம் கெண்டைக்காலிலிருந்து கணுக்காலுக்கு இறங்கியது. பார்க்க வந்த அணித்தலைவனுக்கு ஒரே சந்தோஷம்.

"பாத்தீங்களாண்ணே! அக்கா கால் வச்சது வீண் போகல. சுளுக்கு கால் வழியா எறங்குது."

நான் ஐஸ் பையை மாற்றி வைத்தேன். ரத்தத்துக்கும் பள்ளம் தெரியும் என்று பிசியோ மிஸ் முன்கூட்டியே சொல்லியிருந்தாள். நிறம் இறங்கும், பயப்படாதே என்று. நம்புகிறவனுக்கும் அறிந்தவளுக்கும் முன்னால் அதே காயம் கிடந்தது. அதற்கு இரண்டு பேர் மேலும் அக்கறை இல்லை.

இரண்டாவது வாரம் பயிற்சி தொடங்கியது. பாதத்தை முன்னால் அழுத்த வேண்டும், எதிரே ஒரு தடை இருக்க வேண்டும். சைக்கிள் டியூப் ஒன்று போதும் என்றாள் மிஸ். எங்கள் மலையில் சைக்கிளே கிடையாது. ஏறவும் முடியாது, இறங்கினால் நிறுத்தவும் முடியாது. அன்று சாயங்காலம் பாயில் எதிரும் புதிருமாக உட்கார்ந்தோம். அவர் பாதத்தை நீட்டினார். நான் என் பாதத்தை அதில் வைத்தேன். உள்ளங்காலோடு உள்ளங்கால். அவருடையது வெடித்து, சரளைக்கல் மாதிரி. என்னுடையது வகுப்பறைத் தரையில் தேய்ந்தது. அவர் அழுத்தினார், நான் விட்டுக்கொடுக்காமல் பிடித்தேன்.

"மெதுவா டீச்சர். இது வகுப்பு இல்ல."

"வலிச்சா சொல்லுங்க. துவாய கடிக்காதீங்க."

அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு அழுத்தினார். முடித்ததும் பழக்கத்தில் குனிந்து அவர் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அவரும் என் காலைத் தொட்டு ஒற்றிக்கொண்டார், கேலியாகத்தான். ஆனால் அந்தக் கேலியை அவர் அதற்குப் பிறகு ஒருநாளும் விடவில்லை.

கங்காணி இரக்கப்பட்டு நாற்று மேடையில் உட்கார்ந்த வேலை கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் இவர் ஊன்றுகோலோடு மைதானத்துக்குப் போய் மதகில் உட்காருவார். அணி, இவரில்லாமல், ஜெயித்துக்கொண்டே போனது. அதை அவர் எப்படி எடுத்துக்கொண்டார் என்று எனக்குத் தெரியாது. நான் பார்த்தது இதுதான்: எதிரணி லொறி வரும்வரை ஒருத்தரையும் மதகில் உட்கார விடவில்லை.

"எந்திரிங்கடா. ஸ்வெட்டரோட ரெண்டு சுத்து மெதுவா ஓடுங்க. ஓடி வந்து சின்னச் சின்னதா குதிங்க. அப்புறமா பெரிசா குதிங்க."

"விடியக்காலையில பெரட்டுல வரிசையா நின்னு பேர் குடுத்துட்டுத்தான் தெனமும் வேலைக்குப் போறோம்" என்றான் அணித்தலைவன். "ஞாயித்துக்கெழமையும் பெரட்டாண்ணே?"

"என் காலப் பாத்துக்கிட்டே சொல்லு."

அவன் காலைப் பார்த்தான். ஓடினான். எதிரணிக்காரர்கள் மதகில் உட்கார்ந்து பிளேன்டீ குடித்துக்கொண்டே, "என்னடா, பள்ளிக்கூட ட்ரில்லா? டீச்சர் பாடுவாங்களா?" என்று கத்தினார்கள்.

இதற்கிடையில் என் வாசலுக்கு ஆட்கள் வருவதும் நிற்கவில்லை. நான் இப்போது கால் வைப்பதற்கு முன்னால் கேள்வி கேட்கத் தொடங்கினேன். விழுந்தீங்களா? சத்தம் கேட்டுச்சா? வீங்கியிருக்கா? மரத்துப்போயிருக்கா? ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் ஆஸ்பத்திரி. எல்லாம் இல்லையென்றால், வெறுமனே தலையணை சரியில்லாமல் பிடித்துக்கொண்ட கழுத்தென்றால், பெருவிரலால் மூன்று தடவை, பூப்போல. அது வைத்தியம் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் வைக்கிறேன். கொழுந்து எடுக்கிற ஒருத்தி, "என்னக்கா, கேள்வித்தாள் குடுக்கிற? கால குடுக்க மாட்டியா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

கடைசிப் பரீட்சை ஒற்றைக்காலில் நின்று குதிகாலைத் தூக்குவது. சுவரை ஒரு விரலால் தொட்டுக்கொள்ளலாம். நல்ல கால் எத்தனை தூக்குகிறதோ அத்தனை, குறைந்தது இருபது, வலியில்லாமல், உயரம் குறையாமல். அது வரும்வரை குதிக்க விடாதீங்க என்று மிஸ் என்னிடம்தான் சொன்னாள். "நீங்க எண்ணுங்க. அவர் எண்ண வேணாம்." ஆட்களைப் பார்த்தே பழகியவள்.

ஐந்தாவது வாரம் ஒன்பது. ஆறாவது வாரம் பதினாலு. அந்த ஞாயிறு அணி அரையிறுதியில் ஜெயித்தது. சனிக்கிழமை பதினாறு.

இறுதி ஆட்டத்தன்று காலையில் அவர் எனக்கு முன்பே எழுந்து ஜெர்சி போட்டுக்கொண்டு பின்வாசல் சுவரோரம் நின்றார். நான் எண்ணினேன். பதினைந்து வரை குதிகால் சீராக எழுந்தது. பதினாறில் நடுங்கியது. பதினேழு முழுசாக வந்தது. பதினெட்டில் பாதிதான் எழும்பியது. அவர் இறக்கிவிட்டு மறுபடி தூக்கினார், பாதிதான்.

"பதினேழு" என்றேன்.

"பதினெட்டு."

"பதினேழு."

"பள்ளிக்கூடத்துல எத்தன பேருக்கு மூணு மார்க்கு போட்டு பாஸாக்கியிருக்க? எனக்குத் தெரியாதா?"

போட்டிருக்கிறேன். "அவங்க குதிக்கப் போறதில்ல" என்றேன்.

சுவரிலிருந்து விரலை எடுத்தார். "அன்னிக்கு நீ கால வச்சப்போ நான் ஒரு வார்த்த கேட்டேனா? ஆஸ்பத்திரியிலயாவது சொன்னேனா, இவதான்னு? இன்னிக்கு நான் ஒண்ணே ஒண்ணு கேக்குறேன்."

அது உண்மை. ஆறு கிழமையாக அவர் அதைச் சொல்லவில்லை. சொல்லக் காத்திருந்தார் என்றும் நான் நினைக்கவில்லை. வந்துவிட்டது. நான் போய் அடுப்பில் தண்ணீர் வைத்தேன். ஆடுங்கள் என்று வாய்வரை வந்தது. அந்த உருண்டை என் பெருவிரலுக்குக் கீழே நகர்ந்ததும் கூடவே வந்தது.

"பதினேழுதாங்க" என்றேன், கேத்தலைப் பார்த்து.

அவர் ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு மைதானத்துக்குப் போனார்.

நானும் போனேன். கூட்டம் தேயிலைக்குள் ஏறி நின்றது. எங்கள் ஆட்கள் இரண்டு சுற்று ஓடி, குதித்து, வியர்த்து நின்றபோதுதான் எதிரணி லொறியிலிருந்து இறங்கியது. முதல் செட் எங்களுக்கு, இரண்டாவது அவர்களுக்கு. மூன்றாவதில் இரண்டு பக்கமும் சமமாக ஏறிக்கொண்டிருந்தபோது எங்கள் ஆள் ஒருவனுக்கு விரல் மடங்கிவிட்டது. அணித்தலைவன் மதகுக்கு ஓடி வந்தான். நான் கேட்கிற தூரத்தில்தான் நின்றேன்.

"அண்ணே, வாங்க. குதிக்க வேணாம். நின்னுக்கிட்டே சேர்வீஸ் போடுங்க, போதும்."

இவர் எழுந்தார். ஸ்வெட்டரைக் கழற்றினார். என் பக்கம் பார்த்தார். நான் சரி என்றும் தலையசைக்கவில்லை, வேண்டாம் என்றும் தலையசைக்கவில்லை. இடது காலில் நின்று குதிகாலை ஒரே ஒரு தடவை தூக்கி இறக்கினார்.

"நின்னுக்கிட்டு ஆடுற ஆளாடா நானு?" என்றார். "உள்ள வந்தா பந்தப் பாப்பேன். பந்தப் பாத்தா குதிச்சிருவேன். போ, பந்து பொறுக்குற அந்தச் சின்னவன விடு."

ஸ்வெட்டரை மறுபடி போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். இரண்டு புள்ளியில் தோற்றோம். கடைசிப் பந்து தேயிலைக்குள் விழுந்து ஓடைப் பக்கம் உருண்டது. யாரும் எடுக்கப் போகவில்லை. பிறகு அவர்தான் போய் எடுத்து வந்தார், சரிவில், பக்கவாட்டில் கால் வைத்து, மெதுவாக.

லயத்துக்கு அறுபது படி. அவர் முன்னால் ஏறினார். நான் பின்னால், எண்ணும் பழக்கத்தில் அவருடைய இடது குதிகாலையே பார்த்துக்கொண்டு. நாற்பதாவது படியில் நின்றார்.

"அடுத்த வருஷம்" என்றார், திரும்பாமல்.

"இந்த வருஷத்தோட நிப்பாட்டுறதா சொன்னீங்க."

"பைனல் ஆடிட்டுன்னு சொன்னேன். எங்க ஆடுனேன்?"

வீட்டுக்குள் போனதும் ஜெர்சியைக்கூடக் கழற்றவில்லை. பாயை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பாதத்தை நீட்டினார். எதிரே உட்கார்ந்து நான் என் பாதத்தை வைத்தேன். இந்தத் தடவை அவர் அழுத்திய அழுத்தில் நான்தான் பின்னால் சாய வேண்டியிருந்தது.